அணை உடைத்த வேந்தே, வாழ்க!

பகைவர் நாட்டில் காவல் மிகுந்த குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்கிய அரசர்களைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடினார். பெருநற்கிள்ளியைப் பாண்டரங்கண்ணனார் பாடினார். ஊரார் குடிக்கும் நீரைச் சேறாக்குவதும் அன்று வீரத்தின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் அந்த யானைகள் செய்த வேலை எத்தனை நாள் நின்றிருக்கும்? படை திரும்பியதும் கலங்கல் அடங்கியிருக்கும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பெண்கள் அதே துறையில் குடம் முக்கியிருப்பார்கள். பாட்டு மிஞ்சியது, சேறு மிஞ்சவில்லை.

அணை உடைத்த வேந்தே, அவர்கள் எல்லாரும் உங்கள் முன் சிறியவர்கள். நீங்கள் திறந்துவிட்ட நீர் கடலுக்குப் போய்விட்டது. நீங்கள் வெளிக்கொண்டு வந்த சேறு அங்கேயே இருக்கிறது. உங்கள் பேரனுக்குப் பேரன் காலத்திலும் அது அங்கே இருக்கும், உங்களை நினைவூட்டும். பாட்டு இல்லாமலே நிலைக்கும் புகழ் உலகில் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது. அந்தப் புகழைத்தான் பாட வந்தேன். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் உங்கள் வலிமை. 2023 ஜூன் 6, பொழுது புலர்வதற்கு முன், தெற்கு உக்ரைனில் டினிப்ரோ ஆற்றின் ககோவ்கா அணை உடைந்தது. அந்த ஆற்றில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோவியத் காலத்தில் அமைந்த ஆறு நீர்த்தேக்கங்களில் கடலுக்கு மிக அருகில் இருந்தது அந்த அணையின் நீர்த்தேக்கம்தான். 240 கிலோமீட்டர் நீளம். 2,155 சதுர கிலோமீட்டர் பரப்பு. கொள்ளளவு 18 கன கிலோமீட்டர், நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 635 டிஎம்சி. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைச் சில நாட்களில் சேற்றுவெளி ஆக்கினீர்கள். கெர்சன் நகரத்தின் தாழ்வான தெருக்களில் படகு ஓடியது. எதிர்க்கரையில் ஒலெஷ்கியிலும் ஹோலா பிரிஸ்தானிலும் வீடுகள் கூரை வரை மூழ்கின. நோவா ககோவ்காவில் ஆற்றோரம் இருந்த சிறிய உயிரியல் பூங்காவில் விலங்குகள் செத்தன. நீர்மின் நிலையத்தின் இயந்திர எண்ணெய் 150 டன் ஆற்றில் கலந்ததாக உக்ரைன் அரசு சொன்னது. சுமார் ஏழு லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லை என்றது ஐ.நா. இறந்தவர்கள் சில பத்துப் பேர் என்றன அரசுக் கணக்குகள். நூற்றுக்கணக்கானோர் என்று ஒலெஷ்கியில் தேடிய செய்தியாளர்கள் எழுதினார்கள். பிணங்களின் கணக்கைக்கூட ஒரு முடிவுக்கு வரவிடாத வெற்றி உங்களுடையது.

அடுத்தது உங்கள் அடக்கம். இத்தனை பெரிய செயலைச் செய்தும் உரிமை கோராதவர் நீங்கள். 2022 படையெடுப்பின் முதல் நாட்களிலிருந்தே அந்த அணையும் மின்நிலையமும் ரஷ்யப் படையின் கையில் இருந்தன. உள்ளிருந்து வெடித்ததையே தடயங்கள் சுட்டுகின்றன என்று அணைப் பொறியாளர்களும் வெடிபொருள் வல்லுநர்களும் சொன்னார்கள். மாஸ்கோவோ அது தங்கள் வேலை அல்ல, உக்ரைனின் தாக்குதல் என்றது. போர்க்கால மீறல்களை விசாரிக்க ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையின் கீழ் ஓர் உண்மை கண்டறியும் ஆணையம் உண்டு. அதன் அதிகாரத்தை ஏற்பதாகக் கொடுத்திருந்த அறிவிப்பை ரஷ்யா 2019இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. புகழ் தேடி வந்துவிடக் கூடாது என்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வாசலை அடைத்து வைத்த தன்னடக்கத்தை வேறு எங்கே காண்போம்?

ஆனால் உங்களைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படம் எடுக்க வாய்த்தது வெள்ளம். கூரை மேல் நாய், படகில் கிழவி, மிதக்கும் வீடு என்று இரண்டு வாரம் உலகம் பார்த்தது. தண்ணீர் வடிந்ததும் உலகம் வேறு பக்கம் திரும்பியது. உங்கள் உண்மையான சாதனை தொடங்கியது அப்போதுதான்.

அந்தச் சாதனையில் உங்கள் முன்னோருக்கும் பங்கு உண்டு, அவர்களையும் வாழ்த்த வேண்டும். டினிப்ரோவின் கரையெங்கும் சோவியத் ஆட்சி தொழிற்சாலைகளை நட்டது. சபோரீஷியாவின் உருக்காலைகள், நிக்கோபோலின் உலோகக்கலவை ஆலைகள், மர்ஹானெட்ஸின் மாங்கனீசுச் சுரங்கங்கள், மேலே இன்னும் பல நகரங்களின் சாக்கடைகள், வயல்களில் இருந்து வழிந்த உரங்கள் என எல்லாம் ஆற்றில் வந்து சேர்ந்தன. ஓடும் ஆறு கையில் இருப்பதைச் சுமந்து போகும். தேங்கிய ஆறு இறக்கி வைத்துவிடும். வேகம் குறைந்த நீரில் நுண்ணிய களிமண் துகள்கள் மெல்லக் கீழே இறங்கும். ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் போன்ற கன உலோகங்கள் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டே அடிக்குப் போகும். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டு தவறாமல், ககோவ்கா நீர்த்தேக்கத்தின் அடியில் இப்படிப் படலம் மேல் படலமாக வண்டல் படிந்தது.

மேலே இருந்த தண்ணீர் அதற்கு ஒரு மூடி. அடியாழச் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. அந்த நிலையில் உலோகங்கள் கந்தகத்தோடும் களிமண்ணோடும் பிணைந்து பெரிதும் அசையாமல் கிடக்கும். அந்தப் பிணைப்பு எவரும் திட்டமிட்டுச் செய்த பாதுகாப்பு அன்று. அழுக்கைச் சேர்த்தவர்கள் அதை அகற்றவில்லை, தண்ணீரால் மூடி மறந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த மூடி இருந்தவரை நஞ்சு பெரும்பாலும் தூங்கியது. அதை எழுப்ப வல்லவர் நீங்கள்தான். மூடியைத் தூக்கினீர்கள். காற்று பட்டதும் பிணைப்புகள் தளரத் தொடங்கும். மழை கரைக்கும். வெயில் வெடிப்பு விட வைக்கும், காற்று தூசியாகத் தூக்கும். இளவேனிலில் பனி உருகி ஆறு பெருகும்போது கரையோரச் சேறு அரித்துக்கொண்டு கீழே போகும்.

இப்போது உங்கள் சேமிப்பைப் பாட வேண்டும். ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தவர் என்று நம் ஊரில் சிலரைச் சொல்வார்கள். நீங்கள் அதையும் தாண்டினீர்கள். பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் நன்னீர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஒலெக்சாந்திரா சுமிலோவாவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். நீர்த்தேக்கத்தின் அடியில் இருந்த மாசுபட்ட வண்டல் சுமார் 1.7 கன கிலோமீட்டர். பழைய நீர்ப்பரப்பு முழுவதும் சமமாக விரித்தால் முக்கால் மீட்டருக்கும் மேல் கனம் வரும். அதில் பிணைந்துள்ள கன உலோகங்கள் சுமார் 83,000 டன். அந்த உலோகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பத்து டன் லாரிகளில் ஏற்றினால் 8,300 லாரிகள் வேண்டும். உலகமே பார்த்த அந்த மாபெரும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, அந்த மாசு வண்டலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

ஒரு சதவீதத்துக்கும் குறைவு! அந்தச் சிறு பங்கைக் கொண்டே ஊர்களை நனைத்து, ஒடேசா கடற்கரை வரை குப்பை சேர்த்து, கருங்கடலைக் கலக்கினீர்கள். மிச்சம் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல். அதைச் செலவழிக்காமல் அப்படியே வருங்காலத்துக்கு வைத்துவிட்டீர்கள். இன்னும் பிறக்காத குழந்தைகளை நினைத்து இவ்வளவு எடுத்துவைத்த அரசர் வரலாற்றில் அரிது.

அந்தச் சொத்து கரையாத சொத்தும்கூட. 1986இல் செர்னோபிலில் அணு உலை வெடித்தபோது இதே டினிப்ரோவின் மேல்பகுதி நீர்த்தேக்கங்களில் சீசியம் படிந்தது. சீசியம்-137 சுமார் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அணுக்கதிருக்கே உள்ள அந்தப் பலவீனம் ஈயத்துக்கு இல்லை. காட்மியத்துக்கு இல்லை. அவை இடம் மாறும், வடிவம் மாறும். மறைவதில்லை.

சேர்த்ததோடு நில்லாமல் கொடுக்கவும் தெரிந்த வள்ளல் நீங்கள். கொடையில் பேதம் பார்ப்பதே இல்லை. பாசி எடுத்துக்கொள்ளும். பாசியைத் தின்னும் நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும். சேற்றில் வாழும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைக் கொத்தும் நாரை, மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் மனிதர் என்று கை மாறிக்கொண்டே போகும். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையில் போய் அமரும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை. காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டு தங்கி, எலும்பையும் வலுவிழக்கச் செய்யும். வடகரையில் இருப்பவர் உக்ரைன் ஆட்சியில் வாழ்கிறவர், தென்கரையில் இருப்பவர் ரஷ்யாவின் பிடியில் வாழ்கிறவர். இருவர் கிணற்றுக்கும் உங்கள் கொடை சமம். எந்தக் கரையை உங்களுடையது என்று உரிமை கொண்டாடிப் படை நடத்தினீர்களோ, அந்தக் கரைக்கும் குறையில்லாமல் கொடுத்தீர்கள். தன் குடி, மாற்றான் குடி என்று பாராத கொடை இது.

உங்களைச் சிலர் தோட்டக்காரர் என்றும் புகழ்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீர்த்தேக்கம் நிறைவதற்கு முன் அங்கே ‘வெலிகிய் லூஹ்’ என்ற பெரும் ஆற்றுச் சமவெளி இருந்தது. கிளையாறுகள், சதுப்புகள், புல்வெளிகள், ஓக் காடுகள் நிறைந்த நிலம். கொசாக் என்னும் போர்க்குடியினரின் வரலாற்றில் அதற்குத் தாய்மடி போன்ற இடம். 1950களில் அந்த நிலத்தையும் ஊர்களையும் சோவியத் ஆட்சி நீரில் மூழ்கடித்தது. நீர் வடிந்த பின் சில மாதங்களிலேயே அங்கே வில்லோவும் பாப்லரும் காடாக எழுந்தன. ஓராண்டில் ஆள் உயரத்தைத் தாண்டின. ஆற்றுச் சமவெளியின் இயல்பில் எண்பது சதவீதம் வரை ஐந்து ஆண்டுகளில் மீண்டுவிடலாம் என்று சுமிலோவா குழுவின் அதே ஆய்வு கணிக்கிறது.

அந்தப் பச்சையைப் படத்தில் பார்த்து என் மனமும் குளிர்ந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காடு உங்கள் கொடை அன்று. ஆறு கொண்டுவந்த விதையும் மண்ணின் பொறுமையும் சேர்ந்து வளர்த்தவை அந்த மரங்கள். உங்கள் கொடை அவற்றின் வேருக்குக் கீழே இருக்கிறது. வில்லோ மரம் மண்ணிலிருந்து காட்மியத்தையும் துத்தநாகத்தையும் உறிஞ்சி இலையில் ஏற்ற வல்லது. மாசுபட்ட நிலத்தைத் தூய்மையாக்க அதைப் பயன்படுத்தலாம் என்று ஆராய்பவர்களே உண்டு. ஆனால் அப்படிப் பயன்படுத்த வேண்டுமானால் மரத்தை வெட்டி அகற்றிப் பத்திரமாகக் கையாள வேண்டும். யாரும் அகற்றாத காட்டில் இலை உதிரும், உலோகம் மறுபடியும் மண்ணின் மேற்பரப்புக்கு வரும், இலையைத் தின்னும் உயிருக்குள் போகும். காடு வளர்கிறது என்பதும் உண்மை, அது நஞ்சின் மேல் வளர்கிறது என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் காட்டி உங்களை வாழ்த்துகிறவர்கள் உங்களுக்குப் பாதிப் புகழையே தருகிறார்கள். முழுப் புகழும் உங்களுக்குச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

காவலிலும் நீங்கள் குறை வைக்கவில்லை. புதையல் கிடக்கும் இடத்தில் பூதம் காவல் இருக்கும் என்பார்கள். உங்கள் புதையலுக்குப் பீரங்கியும் கண்ணிவெடியும் காவல். ஆறே போர்முனை ஆகிவிட்டது. வெள்ளம் கண்ணிவெடிகளைப் பிடுங்கி எங்கெங்கோ புதைத்துவிட்டுப் போனது. மண்ணை வெட்டிச் சோதிக்க வேண்டிய அறிவியலாளர் பல இடங்களில் கரையில் இறங்க முடியாது. எதிர்க்கரையில் மாதிரி எடுக்க நினைக்கவும் முடியாது. செயற்கைக்கோள் படங்களையும், போருக்கு முந்திய அளவைகளையும், கணினி மாதிரிகளையும் வைத்துத்தான் அவர்கள் பெரும்பகுதியைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. விழுகிற ஒவ்வொரு குண்டும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் உலோகத்தை அந்த மண்ணில் சேர்க்கிறது. நஞ்சைத் திறந்தும் வைத்தீர்கள், அதை அளக்க வருபவரைத் தடுத்தும் வைத்தீர்கள்.

உங்கள் குலமும் சிறிய குலம் அல்ல. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீனத் தேசியவாத அரசு ஹுவாயுவான்கோவில் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்தது. ஆறு தன் பழைய தடத்துக்குத் திரும்ப 1947 ஆயிற்று. 1941 ஆகஸ்ட் 18 அன்று பின்வாங்கிய சோவியத் படை, இதே டினிப்ரோவில், ககோவ்காவுக்கு மேலே சபோரீஷியாவில் இருந்த அணையைத் தகர்த்தது. கீழே இருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. 1943இல் பின்வாங்கிய ஜெர்மானியர் அதே அணையை மறுபடியும் சிதைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைத்தன. இறந்தவர்களில் பலர் அங்கே அடிமை வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர். எல்லாக் கொடிகளின் கீழும் உங்கள் குலத்தார் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் உலகம் சட்டம் எழுதியது.

1977ஆம் ஆண்டின் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறை அது. அதன் 56ஆம் பிரிவு, பொதுமக்களுக்குக் கடும் இழப்பு நேரும் என்றால், அணைகளையும் கரைகளையும் அணுமின் நிலையங்களையும் படை இலக்காக இருந்தாலும் தாக்கக் கூடாது என்கிறது. அணுமின் நிலையத்தின் குளிரூட்டலுக்கு நீர் தந்த அணையைத் தேர்ந்தெடுத்து, அணை, அணுமின் நிலையம் என்ற இரண்டு சொற்களையும் ஒரே செயலில் தொட்டீர்கள். 55ஆம் பிரிவு இன்னும் கடினமானது. இயற்கைக்கு விளையும் கேடு பரந்ததாகவும், நீண்டகாலமானதாகவும், கடுமையானதாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் குற்றம். அந்த உயரத்தை எட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று சட்ட அறிஞர்கள் பல காலம் குறைப்பட்டார்கள். நீங்கள் எட்டிக் காட்டினீர்கள். இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்தது. மூழ்கிய ஊர்களைக் கேட்டால் கடுமை தெரியும். நீண்டகாலம் என்பதற்குத்தான் சேறு சாட்சி. வெள்ளத்துக்கு வயது சில வாரங்கள். ஈயத்துக்கு முடிவே இல்லை. வெள்ளத்தை மட்டும் எழுதிச் சேற்றை விட்டுவிடும் குற்றப்பத்திரிகை உங்களுக்குச் செய்யும் அவமதிப்பு. உக்ரைன் நாட்டின் குற்றவியல் சட்டத்தில் 441ஆம் பிரிவாகச் சூழல் அழிப்பு என்ற குற்றமே தனியாக இருக்கிறது. அதற்கு இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைத்ததே உங்களால்தான்.

எதிரிக்கு நீங்கள் விட்டுச்சென்ற புதிரும் பெரிது. கெர்சன் பகுதியின் பாசன அமைப்புகளில் 94 சதவீதம் நீர் இன்றிப் போனதாக உக்ரைன் வேளாண் அமைச்சகம் அன்று கணக்கிட்டது. அணையை மறுபடியும் கட்டுவதற்கான சோதனைத் திட்டத்துக்கு 2023 ஜூலையிலேயே உக்ரைன் அரசு அனுமதி கொடுத்தது. சூழலியலாளர்களோ, மீண்டு வரும் வெலிகிய் லூஹை இரண்டாம் முறை மூழ்கடிக்காதீர்கள் என்கிறார்கள். கட்டினால் காடு போகும். கட்டாவிட்டால் வயல் காயும். கட்டினாலும் விட்டாலும் அந்தச் சேற்றுக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். ஒரு நாட்டின் உழவரையும் காட்டைக் காக்க நினைப்பவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தியது போர்க்களத்தில் நீங்கள் பெறாத வெற்றி.

வேந்தே, புகழ்ந்து முடித்தவர் வாழ்த்தியும் முடிக்க வேண்டும் என்பது பாணர் மரபு. வாழ்த்துகிறேன். நெடுநாள் வாழ்க. துப்பாக்கிகள் ஓயும் நாள் வரை வாழ்க. கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஒவ்வொரு அடியாக அந்தச் சமவெளியைத் திறந்துவிடும் வரை வாழ்க. அதன் பின் கரைக்குக் கரை மண் தோண்டி, கிணற்றுக்குக் கிணறு நீர் முகந்து, மீனையும் இலையையும் தாய்ப்பாலையும் சோதிக்கும் ஆய்வகங்கள் வர வேண்டும். எந்த நிலத்தில் விதைக்கலாம், எதில் கூடாது, எந்தத் துறையில் பிள்ளைகள் குளிக்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லும் வரைபடம் வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஆண்டுக்கு ஆண்டு, தலைமுறைக்குத் தலைமுறை எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கின் முதல் பக்கத்தில் கொடுக்க வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். உங்களுக்குப் பின் வரும் ஆட்சியும் அதன் பின் வருவதும் அந்தக் கடனைக் கட்டட்டும். 83,000 டன்னும் கணக்கில் வரும் வரை உங்கள் பெயரை ஒருவரும் அழிக்காதிருக்கட்டும். உங்கள் செயல் எவ்வளவு காலம் நிற்குமோ, அவ்வளவு காலம் உங்கள் பொறுப்பும் நிற்கட்டும்.